ஒரு சாலுக்கு இத்தனை சாமானா?

காலை 8.30-க்கு முதல் லிஃப்ட். அதற்குள் பனிவாரும் இயந்திரம் சரிவு முழுக்க ஓடி முடித்துப் போயிருக்கும். அது விட்டுப்போன மெல்லிய வரிகள், எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலைபோல மேலிருந்து கீழ்வரை நேராக இறங்கும். அந்த வரிகளுக்குக் குறுக்கே முதல் ஆளாக நாலு வளைவு போட்டுவிட்டுக் கீழே நின்று திரும்பிப் பார்த்தால் ஒரே ஒரு கோடு தெரியும். நாலு விரல் அகலம் இருந்தால் அதிகம். கலப்பை கிழித்த சால்போல, ஓரம் சிதறாமல் கிடக்கும்.

ஸ்னோபோர்டுக்காரர்கள் இதைத்தான் கார்விங் என்கிறார்கள். சரிவில் நாம் பார்க்கும் பெரும்பாலானோர் இப்படித் திரும்புவதில்லை. பலகையைக் குறுக்கே தள்ளி, பனியைச் சுரண்டி, வேகத்தைக் குறைத்துத் திரும்புகிறார்கள். அவர்கள் போன வழியில் தேங்காய் துருவிப் போட்டதுபோல் பனி குவிந்து கிடக்கும். கார்விங்கில் பலகை பக்கவாட்டில் வழுக்கக் கூடாது. விளிம்பின் முனை போன கோட்டிலேயே அதன் வாலும் போக வேண்டும்.

இந்த ஒரு காரியத்துக்கென்றே தனிச் சாமான் உண்டு. ஸ்கீக்காரர் போடுவதுபோன்ற பிளாஸ்டிக் ஓடு கொண்ட ஹார்ட் பூட், அதை இரும்புக் கம்பியால் கவ்விக்கொள்ளும் தட்டு பைண்டிங், ஒல்லியான நீளப் பலகை. சில குளிர்காலங்களாக சுவிட்சர்லாந்தின் வாலிஸ் மலைச்சரிவுகளில் இவற்றோடு மல்லுக்கட்டுகிறேன். சொன்னதைச் செய்யும் சாமான்தான். ஆனால் அதற்குக் கொடுக்கும் விலை பணம் மட்டும் இல்லை. அதை இந்தக் கூட்டத்தில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை என்பதே என் குறை.

முதலில் இன்பத்தின் கணக்கைப் பார்த்துவிடலாம். ஸ்னோபோர்டின் இரு பக்கங்களும் உள்நோக்கி வளைந்து நடுவில் இடுப்புபோல் ஒடுங்கியிருக்கும். இதை சைட்கட் என்பார்கள். அந்த வளைவை முழு வட்டமாக நீட்டினால் வரும் ஆரம்தான் பலகையின் குணத்தைச் சொல்கிறது. பலகையைப் பனியில் சாய்க்கச் சாய்க்க அது வில்லாக வளைந்து, ஆரத்தைவிடச் சிறிய வட்டத்தில் திரும்பும். 60 டிகிரி சாய்த்தால், கட்டாந்தரைக் கணக்குப்படி, திரும்பும் வட்டம் சரிபாதியாகிவிடும். 12 மீட்டர் ஆரமுள்ள பலகை 6 மீட்டரில் திரும்பும்.

உடம்பும் அதே 60 டிகிரியில் சாய்ந்திருந்தால் காலில் இறங்கும் பாரம் இரண்டு மடங்கு. 70 கிலோ ஆள் 140 கிலோவைத் தாங்குகிறார். அடுத்த கணம் வளைவு மாறும்போது அந்தப் பாரம் முழுக்கக் கழன்று, உடம்பு மிதக்கும். ஊஞ்சல் ஆடியவர்களுக்கு இது புரியும். கீழ்ப்புள்ளியில் கனம், உச்சியில் வெறுமை. கார்விங்கின் சுகம் முழுவதும் இந்த ஏற்ற இறக்கத்தில்தான் இருக்கிறது. ஊஞ்சலுக்குக் கயிறு உண்டு, இங்கே கயிறு கிடையாது. அவ்வளவு பாரத்தையும் ஏந்துவது சில மில்லிமீட்டர் தடிப்புள்ள இரும்பு விளிம்பு.

இதே கணக்கு இன்னொன்றையும் சொல்கிறது. அந்த இரட்டைப் பாரத்தைப் பெற 12 மீட்டர் பலகைக்கு மணிக்குச் சுமார் 36 கிலோமீட்டர் வேகம் போதும். 20 மீட்டர் ஆரமுள்ள பந்தயப் பலகையில் அதே சுகத்துக்குச் சுமார் 47 கிலோமீட்டரில் போக வேண்டும். விழுந்தால் உடம்பு ஏந்தும் ஆற்றலோ ஒன்றரை மடங்குக்கும் மேல். ஆனாலும் புதிதாக வருகிறவர்கள் தேடிப்போய் வாங்குவது ஒலிம்பிக் வீரர்கள் ஓட்டும் நீளப் பந்தயப் பலகையைத்தான். நானும் அப்படித்தான் வாங்கினேன். 185 சென்டிமீட்டர். முதல் பருவம் முழுக்க அது என்னை ஓட்டிக்கொண்டு போனது.

ஹார்ட் பூட் எதற்கு? 140 கிலோ இறங்கும்போது துணியும் நுரையும் சேர்ந்த சாஃப்ட் பூட்டில் கணுக்கால் நெளிந்து கொடுக்கும். காலில் கொடுத்த கட்டளை விளிம்புக்குப் போய்ச்சேரும்போது பாதி வழியில் கரைந்துவிடும். பிளாஸ்டிக் ஓடு அதைக் கரையவிடாது. இன்னொரு காரணம் பலகையின் அகலம். பலகை ஒல்லியாக இருந்தால் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்குச் சட்டென்று மாறலாம். பந்தயப் பலகைகளின் இடுப்பு 20 சென்டிமீட்டருக்கு அக்கம்பக்கம். பெரியவர்களின் சப்பாத்தோ 30 சென்டிமீட்டரை எட்டும். குறுக்கே நின்றால் பெருவிரல் வெளியே துருத்திக்கொண்டு பனியில் மாட்டும். மாட்டினால் விளிம்பு தூக்கிக்கொள்ளும், ஆள் முகங்குப்புற விழுவார். அதனால் பாதங்களை 50, 60 டிகிரிக்கு முன்னோக்கித் திருப்பி நிற்கிறார்கள். அப்படித் திருப்பியபின் பாதத்தின் பக்கவாட்டால் அழுத்த ஓடு இல்லாமல் முடியாது. இப்படி ஒன்று இன்னொன்றை இழுத்துவருகிறது. எதையும் தனியாகக் கழற்றி வைக்க முடியாது.

இங்கேதான் இந்தச் சாமானின் பலமும் பலவீனமும் ஒன்றாகிப்போகின்றன. நெளியாத சப்பாத்து நல்ல பனியின் சேதியைச் சிந்தாமல் கொண்டுவருகிறது, கெட்ட பனியின் சேதியையும் அப்படியே கொண்டுவருகிறது. காலை 11 மணிக்குச் சரிவில் கூட்டம் ஏறி, வாரிய பனி கிளறுண்டு மேடும் குழியுமாகும்போது, ஒவ்வொரு குழியும் முழங்காலில் வந்து தட்டும். ஆழமான புதுப்பனியில் ஒல்லிப் பலகையின் மூக்கு அமிழ்ந்துவிடும். ஆக, ஒரு நாளில் இந்தச் சாமான் தன் முழுக் குணத்தைக் காட்டுவது இரண்டரை மணி நேரம். மிச்ச நேரம் காப்பிக்கடையில் சப்பாத்தின் கொக்கிகளைத் தளர்த்திவிட்டு உட்கார்ந்திருக்கலாம். அந்தக் கடையின் கழிப்பறைக்கு ஹார்ட் பூட்டோடு படியிறங்கிப் பார்த்தவர்களுக்கு மட்டும்தான் தெரியும், அது எவ்வளவு பெரிய விளையாட்டு என்று.

வரலாறும் இந்தக் கட்டுப்பெட்டித்தனத்துக்கு எதிராகவே போயிற்று. 1965-ல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஷெர்மன் பாப்பன் தன் மகளுக்காக இரண்டு ஸ்கீக்களைச் சேர்த்துக் கட்டியதில் பிறந்தது ஸ்னர்ஃபர். அதற்கு பைண்டிங்கும் இல்லை, இரும்பு விளிம்பும் இல்லை. கடலலைச் சறுக்கின் குழந்தை அது. ஹார்ட் பூட் பிற்பாடு ஸ்கீ வீட்டிலிருந்து வந்த மருமகள். ஐரோப்பாவில் சில காலம் செல்வாக்காகவே இருந்தாள். 1998-ல் ஜப்பானின் நகானோவில் ஸ்னோபோர்டு முதன்முதலாக ஒலிம்பிக்குக்குப் போனபோது கொடிகளைச் சுற்றி ஓடும் ஜயண்ட் ஸ்லாலமும், அரைக்குழாயில் தாவும் ஹாஃப்பைப்பும் சமமாகவே நின்றன. ஆனால் சந்தை தாவலின் பக்கம் போய்விட்டது. இளைஞர்களுக்குத் தளர்ந்த கால்சட்டையும் தளர்ந்த சப்பாத்தும் போதுமாயிருந்தன. பர்ட்டன் போன்ற பெரிய கம்பனிகள் ஹார்ட் பூட் வகையையே கைவிட்டன.

பிறகு இதைத் தாங்கிப் பிடித்தது சின்னப் பட்டறைகள். சுவிட்சர்லாந்தில் கார் ஏறாத மலைக்கிராமமான பிரவுன்வால்டின் கெஸ்லர், கொலராடோவின் டோனெக், கனடாவின் கொய்லர் எல்லாம் அந்த வகை. பலகைக்குள் டைட்டனால் தகடு வைத்து அதிர்வை அடக்கும் முறை இவர்கள் காலத்தில்தான் வேரூன்றியது. (பெயரைக் கேட்டு டைட்டானியம் என்று மயங்க வேண்டாம், அது அலுமினியக் கலப்பு உலோகம்.) தகடு வந்தபின் கெட்டியான பனியில் விளிம்பின் பிடிப்பு வேறு தரத்துக்குப் போயிற்று என்பதை நானே காலால் உணர்ந்திருக்கிறேன். ஆனால் மேட்டில் ஒருமுறை தப்பாக இறங்கினால் தகடு கோணிக்கொள்ளும், பிறகு நிமிராது. ஆயிரம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கிய பலகை, சப்பிய அலுமினியத் தட்டாகிச் சுவரில் சாய்ந்து நிற்கும்.

“பலகையில் ஏறிய ஸ்கீக்காரர்கள்” என்று ஹார்ட் பூட்காரர்களைச் சாஃப்ட் பூட்காரர்கள் கிண்டல் செய்வார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. 2018-ல் தென்கொரியாவின் பியோங்சாங் ஒலிம்பிக்கில் செக் நாட்டின் எஸ்தர் லெடெட்ஸ்கா ஸ்கீயில் சூப்பர்-ஜி தங்கத்தை 0.01 விநாடியில் தட்டிச் சென்றார். ஒரு வாரம் கழித்து ஹார்ட் பூட் போட்டு ஸ்னோபோர்டில் பேரலல் ஜயண்ட் ஸ்லாலம் தங்கத்தையும் வாங்கினார். விளிம்பை உணரும் கால் இரண்டுக்கும் ஒன்றுதான் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். இதில் நான் ரசிப்பது இன்னொன்று. அவர் சூப்பர்-ஜியில் ஓட்டிய ஸ்கீ, அமெரிக்க வீராங்கனை மிக்கேலா ஷிஃப்ரினிடம் முன்பு இருந்தது. சாமான் பைத்தியம் பிடித்த நம் கூட்டம் இதை அடிக்கடி நினைத்துப் பார்ப்பது நல்லது.

இன்பத்துக்குப் பந்தயச் சாமான் தேவையில்லை என்பதற்கு இன்னொரு ஆதாரம் இந்த வாலிஸிலேயே இருக்கிறது. சினால் என்ற மலையூரில் ஜாக் ரிலியே, பட்ரிஸ் ஃபிவா என்ற இருவர் எக்ஸ்ட்ரீம் கார்விங் என்று ஒரு பாணியை வளர்த்தார்கள். வளைவின் நடுவில் உடம்பு முழுக்கப் பனியோடு படுத்துவிடும். நெஞ்சு பனியைத் தொடும், கை நீண்டு வருடிக்கொண்டே போகும். கொடியும் கடிகாரமும் கிடையாது. அவர்கள் ஹார்ட் பூட்காரர்கள்தான். ஆனால் பந்தயப் பலகையைவிட அகலமும் மென்மையும் கொண்ட பலகையைத் தங்கள் ஆசைக்கேற்ப வடிவமைத்துக்கொண்டார்கள். ஆசை முதலில், சாமான் பிறகு.

அந்தப் பாணியின் குறை வேறு. படுத்து எழும் ஓட்டுநருக்குச் சரிவின் முழு அகலமும் வேண்டும். சில வளைவுகள் மேல்நோக்கியே திரும்பும். குதிகால் பக்கம் திரும்பும்போது முதுகுப்புறம் என்ன வருகிறது என்று தெரியாது. ஒருமுறை நான் அப்படி மேலேறும்போது நேரே இறங்கி வந்த ஒருவர் என் கைக்கு எட்டும் தூரத்தில் பறந்து போனார். அவர் கத்தினார், நானும் கத்தினேன். பின்னால் வருபவரே முன்னால் போகிறவரைக் காக்க வேண்டும் என்பது சர்வதேச ஸ்கீ சம்மேளனத்தின் விதி. அதே விதிப்பட்டியலில், சரிவில் மேல்நோக்கிப் போகிறவர் மேலும் கீழும் பார்த்துவிட்டே போக வேண்டும் என்றும் இருக்கிறது. கார்விங்காரர்கள் முதல் விதியைத்தான் மேற்கோள் காட்டுவார்கள், இரண்டாவதைச் சொல்லவே மாட்டார்கள். ஸ்கீ பைண்டிங் விழுந்தால் கழன்றுகொள்ளும், நம்முடையது பெரும்பாலும் கழலாது என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

இப்போது காற்று மறுபடி மாறியிருக்கிறது. ஜப்பானில் சாஃப்ட் பூட்டோடு கார்விங் போடுகிறவர்கள் பெரும் கூட்டம். கொலராடோவின் ரயன் நாப்டனின் காணொளிகளில் பிளாஸ்டிக் ஓடே இல்லாமல் அவர் பனியில் படுத்து எழுகிறார். தந்திரம் எளிது. பலகையை ஒல்லியாக்கிப் பாதத்தைத் திருப்புவதற்குப் பதிலாக, பலகையையே 27, 28 சென்டிமீட்டர் அகலமாக்கிவிட்டார்கள். விரல் துருத்தாது. அப்படி ஒன்றை இரவல் வாங்கி ஒரு வாரம் ஓட்டினேன். கெட்டிப்பனியில் பிடிப்பு குறைவுதான், விளிம்பு மாற்றவும் ஒரு கணம் தாமதம். ஆனால் 11 மணிக்குப் பிறகும் வீட்டுக்குப் போகத் தோன்றவில்லை. மதியம் மரங்களுக்கிடையில் புதுப்பனியில் போனேன், கழிப்பறைப் படிகளில் மனிதனைப்போல் நடந்தேன்.

கார்விங்கை ருசிபார்க்க விரும்புகிறவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு அகலப் பலகையும் சாஃப்ட் பூட்டும் நன்றாகத் தீட்டிய விளிம்பும் போதும் என்பதே என் தீர்ப்பு. அந்தத் தீட்டலுக்குச் சில பத்து பிராங்க்தான் செலவு, பாதிப் பேர் அதைக்கூடச் செய்வதில்லை. இருந்தும் என் 185-ஐ விற்றுவிட்டு 163 சென்டிமீட்டரில், 11 மீட்டர் ஆரத்தில் ஒரு ஹார்ட் பூட் பலகை வாங்கினேன். வாரிய பனியில் அது கிழிக்கும் சாலை அகலப் பலகையால் கிழிக்க முடியாது. எனக்கும் வாங்கலாமா என்று கேட்கும் நண்பர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: காலை ஆறு மணிக்கு எழும்பி முதல் லிஃப்டைப் பிடிப்பீர்களா? பிடிப்பீர்கள் என்றால் வாங்குங்கள். பத்து மணிக்கு வருகிறவர் என்றால் அந்தக் காசை வைத்துக்கொள்ளுங்கள்.