முப்பது முறை ஏறும் தோடி

இசையமைப்பாளர் பிலிப் கிளாஸ் பெயரை எடுத்தால் போதும், நான் பேச ஆரம்பித்துவிடுவேன். அதிலும் 'சத்தியாகிரகா' ஓபரா என்றால் கேட்கவே வேண்டாம். தென்னாப்பிரிக்காவில் காந்தி கழித்த ஆண்டுகள்தான் கதை. பாடுவதோ முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை பகவத் கீதை, சமஸ்கிருதத்திலேயே. இப்படி ஒன்றை அமெரிக்காவின் பால்டிமோரில் இசைத்தட்டுக் கடை நடத்தியவரின் மகன் படைத்தார் என்பதை நினைக்க நினைக்க எனக்கு இன்றும் சிலிர்க்கிறது.

கிளாஸ் 1937இல் பிறந்தவர். 15 வயதிலேயே சிகாகோ பல்கலைக்கழகம், பிறகு நியூயார்க்கின் ஜூலியார்ட், பாரிஸில் நாடியா பூலாஞ்சேயிடம் கடும் பயிற்சி. இதுவரை எல்லாம் வழக்கமான பாதைதான். திருப்பம் சிதார் மேதை ரவிசங்கரால் வந்தது. அறுபதுகளின் நடுவில் ஒரு படத்துக்கு இசையமைக்க ரவிசங்கர் பாரிஸ் வந்திருந்தார். அந்த இசையை அங்குள்ள கலைஞர்கள் வாசிப்பதற்காக மேலைநாட்டுக் குறிப்பில் எழுதித் தரும் வேலை கிளாஸுக்கு. எழுத எழுத, அழுத்தம் தப்பான இடத்திலேயே விழுகிறது. உடனிருந்த தபலா கலைஞர் அல்லா ரக்கா விடவில்லை. சரியில்லை, சரியில்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கடைசியில் தாளத்தைத் துண்டு போடும் கோடுகளையெல்லாம் கிளாஸ் அழித்துவிட்டார். அப்போதுதான் தாளம் சுழன்று வரும் ஆவர்த்தனம் அவர் கண்ணுக்குப் புலப்பட்டது. நாம் தொடையில் தட்டிப் பழகிய விஷயம். அவருக்குப் புது உலகம். சின்னதாக ஒரு கோவையை எடுத்து, ஒன்று கூட்டி, ஒன்று குறைத்து, திரும்பத் திரும்பச் சொல்லி வளர்க்கும் அவர் பாணிக்கு அங்கே விதை விழுந்தது. நியூயார்க் திரும்பிய பின் அல்லா ரக்காவிடமே தாளம் பயின்றார். விமர்சகர்கள் ஒட்டிய 'மினிமலிசம்' என்ற பெயர் அவருக்குப் பிடித்ததில்லை. எனக்கும் பிடிக்காது. அந்த இசையில் குறைவு என்று சொல்ல எதுவுமே இல்லை.

பிழைப்புக்குக் குழாய் வேலை பார்த்தார், டாக்ஸி ஓட்டினார். 1976 நவம்பரில், நாடக இயக்குநர் ராபர்ட் வில்சனோடு சேர்ந்து உருவாக்கிய 'ஐன்ஸ்டைன் ஆன் த பீச்' ஓபரா நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் ஓபரா அரங்கில் இரண்டு முறை நடந்தது. அரங்கு நிரம்பி வழிந்தது, மிஞ்சியது கடன்தான். மறுபடி டாக்ஸி. வண்டியில் ஏறிய ஒரு பெண்மணி உரிமத்தில் இருந்த பெயரைப் பார்த்துவிட்டு, மிகப் புகழ்பெற்ற இசையமைப்பாளர் ஒருவரின் பெயர் உங்களுக்கும் வாய்த்திருக்கிறதே என்றாராம். 41 வயது வரை இந்தப் பிழைப்புதான். அலுக்காமல் வேலை செய்து காய்த்துப்போன கைகளின் பொறுமை அந்த இசைக்குள் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

'சத்தியாகிரகா' 1980 செப்டம்பர் 5 அன்று நெதர்லாந்தின் ராட்டர்டாமில் அரங்கேறியது. கீதையிலிருந்து சுலோகங்களைக் கோத்துத் தந்தவர் கான்ஸ்டன்ஸ் டிஜாங். மூன்று அங்கங்கள், ஒவ்வொன்றையும் ஒருவர் மேலிருந்து வாய் திறக்காமல் பார்க்கிறார். டால்ஸ்டாய், தாகூர், மார்ட்டின் லூதர் கிங். வாத்தியங்களில் தந்தியும் மரக்குழலும் ஆர்கனும் மட்டுமே. டிரம்பெட் இல்லை, முரசு இல்லை. அகிம்சையைச் சொல்லும் இசைக்கு எவ்வளவு பொருத்தம் பாருங்கள்!

லண்டன் கொலிசியம் அரங்கின் உச்சி மாடியில் மலிவு டிக்கெட்டில் இருந்து பார்த்தேன். வழக்கமாக எதையும் ஆங்கிலத்தில் பாடும் இங்கிலீஷ் நேஷனல் ஓபரா, இதைச் சமஸ்கிருதத்திலேயே பாடியது. பீலிம் மெக்டெர்மட்டும் ஜூலியன் கிரவுச்சும் அமைத்த மேடையில் வளைந்த தகரச் சுவர், எங்கு பார்த்தாலும் செய்தித்தாள். அந்தத் தாளே கசங்கி, எழுந்து, ஆளுயரத்தைத் தாண்டிய பொம்மைகளாக நிற்கிறது. காந்தியின் 'இந்தியன் ஒப்பீனியன்' பத்திரிகைக்கு இதைவிட அழகான மரியாதை இருக்க முடியாது. 1903இல் தொடங்கிய அந்தப் பத்திரிகை தமிழிலும் வந்தது என்பது நம்மில் பலருக்கு மறந்தே போய்விட்டது.

பாத்திரங்களில் ஒருவர் திருமதி நாயுடு. கடைசி அங்கமோ 1913இல் தென்னாப்பிரிக்காவில் நடந்த நியூகாசில் பேரணி. அதில் நடந்த சுரங்கத் தொழிலாளர்களில் எத்தனையோ பேர் நம் கிராமங்களிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிய குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். அந்தப் போராட்டத்தில் சிறை சென்று, 1914 பிப்ரவரியில் உயிர்விட்ட தில்லையாடி வள்ளியம்மை ஓபராவில் வருவதில்லை. எனக்கு அந்த அங்கம் முழுக்க அவர் நினைப்புதான்.

ஓபராவின் முடிவைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். மேடையில் காந்தி மட்டும் நிற்கிறார். பின்னால் உயரத்தில், நமக்கு முதுகு காட்டியபடி, கிங். டெனர் குரல் எட்டு ஸ்வரம் ஏறுகிறது. ஏறி முடித்து, மறுபடி அடியிலிருந்து ஏறுகிறது. மேலைநாட்டார் ஃபிரிஜியன் என்று சொல்லும் அந்த வரிசை நம் தோடியின் ஆரோகணமேதான்! கமகம் இல்லை, அசைவு இல்லை. நேரே நடக்கிற தோடி. முப்பது முறை. பாட்டு மாறுவதில்லை, அடியில் வாத்தியங்கள் மட்டும் நிறம் மாறுகின்றன. பத்தாவது முறையில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இருபதுக்கு மேல் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன். விடாமல் பிடித்து நிற்பது என்பதை இவ்வளவு நேராகக் காதுக்குள் இறக்கிய இன்னொரு இசையை நான் கேட்டதில்லை.

2011 டிசம்பர் 1 அன்று நியூயார்க்கில் இதே ஓபரா முடிந்து கூட்டம் வெளியே வந்தபோது, வாசலில் 'ஆக்குபை வால் ஸ்ட்ரீட்' போராட்டக்காரர்கள் தடுப்புக்கு அந்தப்பக்கம் நின்றிருந்தார்கள். 74 வயது கிளாஸ் அவர்களிடம் போனார். தர்மம் தாழும்போதெல்லாம் பிறவி எடுப்பதாகக் கண்ணன் சொல்லும் கடைசி வரிகளை ஆங்கிலத்தில் சொன்னார். ஒலிபெருக்கி இல்லாததால் ஒவ்வொரு வரியையும் கூட்டம் திருப்பிச் சொன்னது. அவர் இசை நடக்கிற விதமும் அதுதானே!

'சத்தியாகிரகா'வுக்குப் பிறகு கிளாஸ் எத்தனையோ எழுதினார். 1984இல் எகிப்து மன்னனைப் பற்றிய 'அக்நாட்டன்', 1990இல் ரவிசங்கரோடு சேர்ந்து 'பாஸேஜஸ்', திரைப்படங்களுக்கு ஏராளம். எல்லாமே கேட்க வேண்டியவைதான். ஆனால் நீங்கள் 'சத்தியாகிரகா'வில் தொடங்குங்கள். ராட்டர்டாமில் முதல் காந்தியாகப் பாடிய டக்ளஸ் பெர்ரியே பாடிய பதிவு இருக்கிறது. மூன்றாம் அங்கத்தைப் போட்டுவிட்டு, போனை எடுத்து வேறு அறையில் வைத்துவிடுங்கள்.