கொன்றவனின் பால்யம்

தமிழ்ச் சினிமாவில் கொலை என்பது வெகுகாலம் வரை கதையின் முடிச்சாக இருந்ததேயன்றிக் கண்ணெதிரே நிகழும் காட்சியாக இருந்ததில்லை. வீணை வித்துவான் எஸ். பாலசந்தர் 1954இல் ஏவி.எம். நிறுவனத்துக்காக இயக்கிய 'அந்த நாள்', பாட்டு ஒன்றுகூட இல்லாமல், சுடப்பட்டு இறந்த ஒருவனைப் பற்றிப் பலர் பலவிதமாகச் சொல்லும் கதைகளின் ஊடாகவே கொன்றவரைத் தேடிச் சென்றது. அவரே பின்னர் எடுத்த 'பொம்மை' (1964), 'நடு இரவில்' (1970) ஆகியவற்றிலும் ரசிகனுக்குரிய வேலை பயப்படுவதைவிட ஊகிப்பதே. இடையில் 1967இல் ஏ. சி. திருலோகசந்தரின் 'அதே கண்கள்' முகமூடி தரித்த ஒருவனைச் செல்வர் மாளிகை ஒன்றுக்குள் வர்ண ஜாலத்தோடு உலவவிட்டது. முகமூடி கழன்றதும் பயமும் கழன்றுவிடுகிற படம் அது. கத்தியைப் பிடித்தவன் யார் என்பதை ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டு, அதற்குப் பின்னும் நம்மை நடுங்கவைக்கும் சாமர்த்தியம், பாரதிராஜாவின் 'சிகப்பு ரோஜாக்கள்' வரும்வரை நம் திரைக்குக் கைவரவில்லை என்றே சொல்லவேண்டும்.

அப்படம் வெளியான நாள் 1978 அக்டோபர் 28. அதற்கு மூன்றே நாட்கள் முன்னதாக, அக்டோபர் 25ஆந் திகதி, அமெரிக்காவில் ஜோன் கார்ப்பென்டரின் 'ஹாலோவீன்' வெளியாகி, கத்தியோடு பெண்களைத் துரத்தும் ஸ்லாஷர் படங்கள் என்ற ஒரு பெரும் வரிசைக்கே வழி திறந்தது. ஒன்றையொன்று பார்த்துப் பிறந்திருக்க வழியில்லாத இவ்விரு படங்களுக்கும் பாட்டனார் ஒருவரே: 1960இல் ஆல்பிரட் ஹிட்ச்காக் எடுத்த 'சைக்கோ'. ஹாலோவீனின் கதாநாயகி ஜேமி லீ கர்ட்டிஸ், சைக்கோவில் குளியலறையில் குத்திக் கொல்லப்படும் ஜேனட் லீயின் சொந்த மகள் என்பதால், அமெரிக்கக் கிளையின் வம்சாவளியை வேறு எவரும் வரைந்து காட்டத் தேவையில்லை.

மன்னாரில், எம் கரையில், 'சிகப்பு ரோஜாக்க'ளின் பாட்டுகள் படத்துக்கு வெகு முன்னரே வந்து சேர்ந்தவை. 'நினைவோ ஒரு பறவை'யை நான் வானொலியில் ஒரு மதுரமான காதற்பாட்டாகவே அறிந்திருந்தேன், கமல்ஹாசனே எஸ். ஜானகியோடு பாடிய அந்தப் பாட்டு ஒரு கொலைகாரனுடைய பாட்டு என்ற பிரக்ஞை எனக்கு இருந்ததில்லை. மன்னார்த் தீவில் வீடியோ டெக்கும் ஜெனரேட்டரும் வாடகைக்கு எடுத்து விடியவிடியப் படம் பார்த்த காலத்தில், சிறுவர்கள் உறங்கிய பிறகு போடப்படும் படங்களில் ஒன்றாக இது இருந்தபடியால், நான் இதை முதன்முறை பார்த்தது தலை நரைத்த பிறகுதான். அது ஒருவகையில் நன்மையே. பால்ய காலத்துப் பயத்தின் ஞாபகம் என் தீர்ப்பில் கலக்கவில்லை.

செல்வந்தனும் அழகனுமான திலீப், ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் சாரதாவைக் காதலித்து மணக்கிறான்; அவன் பெண்களை வசீகரித்துக் கொன்று, தன் வீட்டுத் தோட்டத்தில் புதைத்து, மேலே ரோஜாச் செடி வைப்பவன் என்பதைச் சாரதாவுக்கு முன்னமே நாம் அறிவோம். '16 வயதினிலே'யும் 'கிழக்கே போகும் ரயில்'உம் எடுத்தவருக்குக் கிராமத்தை விட்டால் வேறு தெரியாது என்றவர்களுக்குப் பாரதிராஜா சொன்ன மறுமொழியாகவே இப்படம் கருதப்பட்டது. நிவாஸின் கேமராவும் இளையராஜாவின் வாத்தியங்களும் சேர்ந்து, சாரதாவாக வரும் ஸ்ரீதேவி அந்தப் பெரிய வீட்டில் தனித்திருக்கும் பகுதிகளில் உண்டாக்கும் பீதி இன்றும் பழுதுபடவில்லை. திலீப்பாக வரும் கமல்ஹாசனின் நடிப்பில் நான் வியந்தது அவருடைய ஆவேசத்தையன்று, புன்னகையையே. காதலிக்கும்போதும் கொல்லும்போதும் அது ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கிறது. ஊரே விரும்பிய ஒரு முகத்தை முகமூடியாக உபயோகித்த துணிவு, வெள்ளை ரப்பர் முகமூடி மாட்டிய ஹாலோவீனுக்குக்கூட இல்லை.

இன்னொரு விஷயத்தையும் சொல்லவேண்டும். திலீப்பின் கொலைகள் படமாக்கப்படுகின்றன. அவற்றை அவனுடைய வளர்ப்புத் தந்தை, சித்தம் கலங்கிய கிழவர், இருட்டறையில் அமர்ந்து திரையில் பார்த்து மகிழ்கிறார். இருட்டில் அமர்ந்து பெண்கள் சாவதைப் பார்க்க டிக்கட் வாங்கிய நம்மை இதைவிட நேராகச் சுட்ட முடியாது. மைக்கல் பவல் 1960இலேயே 'பீப்பிங் டாம்' படத்தில் இந்த நரம்பைத் தொட்டு, அதன் பலனாகத் தம் உத்தியோக வாழ்வையே ஏறக்குறைய இழந்தார். பாரதிராஜாவோ தொட்டதோடு விட்டுவிடுகிறார்.

விட்டுவிட்டு அவர் போவது திலீப்பின் பால்யத்துக்கு. அநாதைச் சிறுவன் மீது ஒரு பெண் சுமத்திய பொய்ப்பழி, பின்னர் அவன் தஞ்சம் புகுந்த வீட்டில் கணவனை வஞ்சிக்கும் மனைவி, அவளைக் கொல்லும் கணவன் என்று விஸ்தாரமாகக் காரணங்கள் அடுக்கப்படுகின்றன. அடுக்கி முடியும்போது குற்றம் முழுவதும், ஏதோ ஒரு நியாயத்தின் பேரில், பெண் ஜாதியின் தலையில் வந்து விழுகிறது. கார்ப்பென்டர் தம் கொலைகாரனுக்கு ஒரு காரணமும் தரவில்லை. அதைவிட முக்கியம், ஹிட்ச்காக் செய்தது. சைக்கோவின் முதல் முக்கால் மணி நேரத்துக்கு மேலான பகுதி மேரியன் என்ற பெண்ணுடையது: 40,000 டாலரைத் திருடிய அவளுடைய ஆசை, அச்சம், திருப்பிக் கொடுத்துவிடலாம் என்ற இறுதித் தீர்மானம் யாவும் நமக்குத் தெரிந்த பிறகே அவள் கொல்லப்படுகிறாள். கடைசியில் வைத்தியர் வந்து கொலைகாரனின் மனத்தை விளக்குவது அப்படத்தின் மிகப் பலவீனமான பகுதி. என் அபிப்பிராயத்தில், தமிழ்ப் படங்கள் பாட்டனாரிடமிருந்து சுவீகரித்தது இந்த வைத்தியரைத்தான், மேரியனை அல்ல.

மன்னாரிலிருந்து பார்ப்பவனுக்கு இக்குறை சற்று அதிகமாகவே உறுத்தும். திருக்கேதீஸ்வரத்தில் 2013 டிசம்பரில் தண்ணீர்க் குழாய் பதிக்க வெட்டிய இடத்திலிருந்து 80க்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிவந்தன. 2018இல் நகர நுழைவாயிலில் சதொச கட்டடத்துக்காக மண் அகழ்ந்தபோது, சிறுவர்களுடையவை உட்பட, 300க்கு மேல் கிடைத்தன. அவற்றின் மாதிரிகள் சில 15ஆம் நூற்றாண்டுக்கும் 17ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டவை என்று மறு வருஷம் அமெரிக்க ஆய்வுகூடம் சொன்னதோடு, காணாமற் போனோரைத் தேடும் தாய்மாரின் ஐயம் தீர்ந்துவிடவில்லை. மண்ணுக்குள் கிடப்பவர் யார், எவருடைய பிள்ளை என்பதே இங்கு முதற்கேள்வி. அக்கேள்வியோடு வாழ்பவன் திலீப்பின் தோட்டத்தைப் பார்க்கும்போது, ரோஜாவுக்குக் கீழே இருக்கும் பெண்களைப் பற்றிப் படம் ஏன் இவ்வளவு குறைவாகச் சொல்கிறது என்று கேட்காமல் இருக்கமாட்டான்.

அதிலும், எமது கத்தோலிக்கக் கிராமங்களின் கூத்து மரபு இதற்கு நேர் விரோதமானது. 1544இல் யாழ்ப்பாணத்துச் சங்கிலி மன்னனின் ஆணையால் மன்னாரில் கொல்லப்பட்ட வேதசாட்சிகளைத் தோட்டவெளியில் இன்றும் வணங்குகிறோம். பெரிய வாரத்தில் திருப்பாடுகளின் காட்சியும், வேறு காலங்களில் புனிதர்களின் சரிதையைப் பாடும் வாசாப்பும் நடந்த ஊர்கள் இவை. அந்த மேடைகளில் இரத்தமும் வாளும் குறைவில்லை. ஆயினும் கதை முழுவதும் மாண்டவருடையது. வெட்டுபவனுக்கு அங்கே ஒரு தருவும் ஒரு தர்பாரும் கிடைக்கலாம், பால்யம் கிடையாது.

பின்வந்த படங்களைச் சுருக்கமாகப் பார்க்கலாம். மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்த பாலு மகேந்திரா 1980இல் எடுத்த 'மூடுபனி'யிலும் தகப்பனின் கொடுமையால் சிதைந்த ஒரு பிள்ளையே கொலைகாரன். எனினும் பிரதாப் போத்தனின் மீதுள்ள அதே கவனத்தைக் கேமரா சிறைப்பட்ட ஷோபாவின் முகத்துக்கும் தருகிறது. படம் வருமுன்பே அவர் காலமாகிவிட்டதை அறிந்தவர்களுக்கு அந்த முகத்தை அமைதியாகப் பார்ப்பது கடினம். மணிவண்ணனின் 'நூறாவது நாள்' (1984) மொட்டைத் தலையும் சிவப்புக் கோட்டுமாய் வரும் சத்யராஜையே நினைவில் நிறுத்துகிறது. கெட்டிக்காரத்தனமான படம், அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

ராம்குமாரின் 'ராட்சசன்' (2018) வேறு ஜாதி. பள்ளிச் சிறுமிகள் கடத்திக் கொல்லப்படும் அக்கதையில், நாயகனின் அக்காள் மகள் அம்மு இறக்கும்போது ஒரு குடும்பம் முழுவதும் நம் கண்முன் இடிந்து விழுகிறது. மகளின் உடலின் முன் பெற்றோர் நிற்கும் அந்தச் சில நிமிஷங்கள், தமிழ்க் கொலைப்படங்களில் மாண்டவர் பக்கம் கதை திரும்பிய அபூர்வ வேளைகளில் ஒன்று. பழக்கம் விடுமா? கடைசியில் அங்கும் கொலைகாரனின் பால்யம், அவனை நிராகரித்த சிறுமியோடு, வந்தே தீருகிறது.

'சிகப்பு ரோஜாக்கள்' பார்க்கத்தக்க படம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை, பார்க்காதவர்கள் பார்க்கட்டும். ஆனால் அதற்கு முதல்நாள் சைக்கோவின் முற்பாதியை மட்டும் ஒருமுறை பார்த்துவிட்டு, மேரியனுக்குக் கிடைத்த அவகாசத்தில் பத்திலொரு பங்கேனும் திலீப்பின் தோட்டத்துப் பெண்களில் எவளுக்காவது கிடைத்ததா என்று தேடிப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.