ஆறுக்கு ஆறு

ஜி.என். செட்டி சாலையில் வாணி மகாலுக்குப் போகிறவர்களுக்குப் பாடுகிறவர் பெயர் தெரியும், பக்கவாத்தியம் யார் என்று தெரியும், கேன்டீன் பலகாரத்தைப் பற்றியும் அபிப்பிராயம் இருக்கும். அதே சாலையில் 92ஆம் எண்ணில் சி.எஸ். சேஷாத்ரி வருடக்கணக்கில் உட்கார்ந்து கணிதம் செய்தார் என்று சொன்னால் அநேகமாக யாரும் நம்பமாட்டார்கள். 1989இல் ஸ்பிக் உரக் கம்பெனியின் ஆதரவில் அவர் ஆரம்பித்த கணிதப் பள்ளிதான் இன்றைய சென்னை மேத்தமேட்டிகல் இன்ஸ்டிடியூட். 2005இல் சிறுசேரிக்குக் குடிபெயரும்வரை அதன் முகவரி தி.நகர்தான். பட்டுப்புடவைக்கும் பாத்திரத்துக்கும் கூட்டம் முண்டியடிக்கிற பேட்டையில் இப்படியும் ஒரு கடை.

சேஷாத்ரி கர்நாடக சங்கீதம் நன்றாகப் பாடுவார். அதனாலேயே அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தவர்கள் சங்கீதத்தையும் கணிதத்தையும் ஒரு முடிச்சுப் போட்டுவிட்டு எழுந்துவிடுகிறார்கள். எனக்கு அது அலுத்துவிட்டது. கணிதத்தைக் கணிதமாகவே ரசிக்கலாம். விரல்விட்டு எண்ணும் பொறுமை இருந்தால் போதும். அதற்கு நான் எடுத்துக்கொள்வது, அவரும் எம்.எஸ். நரசிம்மனும் சேர்ந்து 1965இல் வெளியிட்ட தேற்றம்.

இருவரும் 1932இல் பிறந்தவர்கள். சேஷாத்ரி காஞ்சிபுரத்தில், நரசிம்மன் அன்றைய வட ஆற்காட்டுத் தண்டரையில். இருவரும் லயோலா கல்லூரியில் ரசீன் பாதிரியாரிடம் படித்தார்கள். பாரிஸில் எலி கார்த்தானிடம் ஆய்வு செய்துவிட்டு இந்தியா வந்த பிரெஞ்சு யேசு சபைக்காரர் அவர். உத்தியோகத் தேர்வுகளை நோக்கி ஓடிக்கொண்டிருந்த காலத்தில் பையன்களைப் புதுக் கணிதத்தின் பக்கம் திருப்பிவிட்ட மனிதர். இந்த இருவரும் 1953இல் பம்பாய் டாடா ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் போனார்கள்.

இனி தேற்றம். முதலில் ஒரு பரப்பு வேண்டும். போண்டாவின் மேல்தோல் ஓட்டையில்லாத பரப்பு. மெதுவடைக்கு ஓட்டை ஒன்று. இரண்டு வடை ஒட்டிக்கொண்டு எண்ணெயிலிருந்து வெளிவந்தால் ஓட்டை இரண்டு. நமக்கு வேண்டியது அந்த ஒட்டு வடைதான். அதன் ஒவ்வொரு புள்ளியிலும் இரண்டு திசைகள் கொண்ட ஒரு சின்ன வெளியை நட்டுவைப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் சேர்ந்தது ஒரு வெக்டர் கற்றை. ஒரு புள்ளியில் கிளம்பி, ஓட்டையைச் சுற்றிக்கொண்டு அதே புள்ளிக்கு வருகிறோம். கையோடு கொண்டுபோன திசைகள் புறப்பட்டபடியே இருக்கவேண்டும் என்று கட்டாயமில்லை, திரும்பியிருக்கலாம். எவ்வளவு திரும்பியது என்பதைச் சிக்கலெண்களால் ஆன இரண்டுக்கு இரண்டு அணி ஒன்றில் எழுதிவிடலாம்.

ஒவ்வொரு ஓட்டைக்கும் அடிப்படைச் சுற்று இரண்டு: ஓட்டையை வலம்வருவது ஒன்று, ஓட்டைக்குள் நுழைந்து வெளியே வருவது இன்னொன்று. ஆக மொத்தம் நான்கு சுற்று, நான்கு அணி. இதில் ஒரு கட்டுப்பாடு: திரும்பினாலும் நீளம் மாறக்கூடாது, அணிக்கோவை 1 ஆக இருக்கவேண்டும். அப்படிப்பட்ட ஒவ்வோர் அணியிலும் நம் இஷ்டத்துக்கு விடப்படுகிற மெய்யெண்கள் மூன்று. நான்கு அணிக்குப் பன்னிரண்டு. ஆனால் நான்கும் தன்னிச்சையாக இருக்கமுடியாது. இந்தச் சுற்றுகள் வழியே பரப்பை வெட்டிப் பிரித்தால் எண்கோணம் ஒன்று கிடைக்கும். அதன் ஓரமாக முழுக்கச் சுற்றிவந்தால் எல்லாத் திருப்பமும் ஒன்றையொன்று அடித்துப்போட்டுவிட வேண்டும். அதற்கு மூன்று கழியும். எந்த அச்சை வைத்து அளந்தாலும் சங்கதி ஒன்றுதான் என்பதால் இன்னொரு மூன்றும் கழியும். மிச்சம் ஆறு.

இது திருப்பங்களின், அதாவது சமச்சீரின் பக்கம். இயற்கணிதத்தின் பக்கத்தில் திருப்பமும் கிடையாது, நீளமும் கிடையாது, சமன்பாடு மட்டும்தான். அங்கே கற்றைகள் எக்கச்சக்கமாகக் குவிந்துகிடக்கின்றன. ஒரு ஒழுங்கான பட்டியலில் அடங்க மறுக்கின்றன. 1962இல் டேவிட் மம்ஃபோர்டு ஒரு சல்லடை கொடுத்தார். ஒவ்வொரு கற்றைக்கும் அதன் முறுக்கைச் சொல்லும் முழு எண் ஒன்று உண்டு. அதைப் படி என்று வைத்துக்கொள்வோம். நம்முடைய கற்றையின் படி பூச்சியம். அதற்குள் ஒற்றைத் திசைக் கற்றைகள் ஒளிந்திருக்கும். அவற்றில் ஒன்றின் படியாவது பூச்சியமாகவோ அதற்கு மேலாகவோ இருந்தால் தள்ளு. எல்லாமே எதிர்மமாக இருந்தால் வைத்துக்கொள். அதற்கு நிலைத்த கற்றை என்று பெயர். தனியாகப் பார்த்தால் இது ஏதோ ஆபீஸ் விதி மாதிரி இருக்கிறது. ஏன் இந்த அளவுகோல், வேறொன்று ஏன் இல்லை என்று கேட்கத் தோன்றும். ஆனால் அணிக்கோவை 1 என்ற கட்டுப்பாட்டுக்கு ஈடானதை இங்கேயும் போட்டுவிட்டு, சல்லடையில் தங்கியவற்றை விவரிக்க எத்தனை சிக்கலெண்கள் வேண்டும் என்று எண்ணினால் மூன்று. ஒரு சிக்கலெண் என்பது இரண்டு மெய்யெண். மறுபடியும் ஆறு.

எண்ணிக்கை பொருந்துவதால் மட்டும் ஒன்றும் நிரூபணமாகிவிடாது. நரசிம்மனும் சேஷாத்ரியும் காட்டியது அந்த இரண்டு கூட்டமும் ஒன்றேதான் என்பது. நீளம் மாறாத, இரண்டு ஒற்றைத் திசைத் துண்டுகளாக உடையாத திருப்பங்கள் ஒவ்வொன்றும் ஒரு நிலைத்த கற்றையைத் தரும். நிலைத்த கற்றை ஒவ்வொன்றும் அப்படித்தான் வந்தாகவேண்டும். 1938இலேயே ஆந்த்ரே வெயில், அதற்குச் சில வருடம் முன்பு அலிகாரில் பாடம் நடத்திய அதே வெயில், திருப்ப அணிகளிலிருந்து கற்றைகள் வருவதைக் கண்டிருந்தார். ஆனால் நீளம் மாறலாம் என்று விட்டால் ஒரே கற்றைக்குப் பல அணித்தொகுதிகள் உரிமை கொண்டாடும். நீளத்தைக் கட்டிப்போட்டதும் தகராறு தீர்ந்தது.

நிரூபணத்தின் நடை எனக்கு ரொம்பப் பிடிக்கும். நிலைத்த கற்றைகளின் வெளி ஒரே துண்டு. திருப்பத்திலிருந்து வந்த கற்றை ஒன்றைக் கொஞ்சம் அசைத்தாலும் பக்கத்தில் கிடைப்பது அப்படிப்பட்டதுதான். இதற்கு அந்த ஆறுக்கு ஆறு பொருத்தம் கைகொடுக்கிறது. அப்படி நகர்ந்து நகர்ந்து ஒரு எல்லையை எட்டினால், எல்லையில் நிற்பதும் திருப்பத்திலிருந்து வந்ததே. நீளம் மாறாத அணிகள் எங்கும் தப்பித்து ஓடாது என்பது அதற்குக் காரணம். நகரலாம், வெளியே விழமுடியாது. ஒரே துண்டில் அப்படியென்றால் முழுவதும் கைவசம்தானே!

இந்த இரண்டுக்கு இரண்டு அணிகள் இயற்பியல்காரர்களுக்குப் பழைய சிநேகிதர்கள். 1954இல் யாங்கும் மில்ஸும் புரோட்டானையும் நியூட்ரானையும் ஒரே துகளின் இரண்டு திசைகளாக வைத்து ஒரு மாதிரியை அமைத்தபோது எடுத்துக்கொண்ட சமச்சீர் இதுவேதான். 1965 கட்டுரைக்கு அது தேவைப்படவில்லை. 1983இல் அத்தியாவும் பாட்டும் யாங்-மில்ஸ் சமன்பாடுகளை இதே பரப்புகளின் மேல் கொண்டுவந்து போட்டார்கள். அதே வருடம் சைமன் டொனால்ட்சன் இந்தத் தேற்றத்துக்குப் புது நிரூபணம் எழுதினார். கட்டுரைத் தலைப்பிலேயே நம்மவர்கள் இருவர் பெயரும் இருக்கிறது. அவர் பார்வையில் நிலைத்த கற்றை என்பது யாங்-மில்ஸ் புலத்தின் ஆற்றலை அடிமட்டம்வரை இறங்கவிடுகிற கற்றை. மம்ஃபோர்டின் ஆபீஸ் விதிக்கு இயற்கையின் கையெழுத்து கிடைத்துவிட்டது. டொனால்ட்சனுடையது சின்னது, சரளமானது என்பதை மறுக்கமாட்டேன். இருந்தாலும் ஆற்றல் என்ற பேச்சே எடுக்காமல் அதே இடத்துக்குப் போய்ச் சேர்ந்ததுதான் எனக்கு உசத்தி.

எல்லையோரத்தில் ஒரு பாக்கி இருந்தது. இரண்டாக உடைகிற திருப்பங்களை என்ன செய்வது? அவற்றை விட்டுவிட்டால் வெளியின் ஓரம் பிய்ந்து நிற்கும். 1967இல் சேஷாத்ரி தனியாக இதைத் தீர்த்தார்: எந்தத் துண்டுகளாக உடைகின்றனவோ அந்தத் துண்டுகள் ஒன்றாக இருந்தால், கற்றைகளையும் ஒன்றாகவே எண்ணு. இன்றும் இதற்கு எஸ்-சமானம் என்று பெயர், எஸ் அவர்தான். ஓரம் தைக்கப்பட்டதும், இரண்டு ஓட்டைப் பரப்பின் மேல் நாம் எண்ணிய கற்றைகளின் முழு வெளி என்னவென்று 1969இல் நரசிம்மனும் எஸ். ரமணனும் சொன்னார்கள். சிக்கலெண்களின் மேல் அமைந்த சாதாரண முப்பரிமாண வீழ்ப்புவெளி, அவ்வளவுதான். அதில் உடைகிற கற்றைகள் மட்டும் சேர்ந்து நான்காம் படிச் சமன்பாட்டுப் பரப்பு ஒன்றாகின்றன. 1864இல், கற்றை என்ற பேச்சே இல்லாத காலத்தில், கும்மர் ஆராய்ந்த அதே பரப்பு. அதில் கூர்மையான முனைகள் பதினாறு. ஏன் பதினாறு என்பதையும் விரல்விட்டே சொல்லலாம்: அங்கெல்லாம் திசைகள் சுற்றிவரும்போது அப்படியே இருக்கும், இல்லை தலைகீழாகும். நான்கு சுற்றுக்கும் கூட்டலா கழித்தலா என்று ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டே போங்கள்.