ஓர் அம்புக்குறியை நம்பி

மூளை பற்றிய உரைகளில் அந்தப் படம் தவறாமல் வந்துவிடுகிறது. ரத்தக்குழாய், அதைப் பற்றி நிற்கும் நட்சத்திர வடிவ ஆஸ்ட்ரோசைட், அதிலிருந்து நியூரானை நோக்கி ஓர் அம்புக்குறி. அம்பின் மேல் ‘லாக்டேட்’ என்று எழுதியிருக்கும். குளுக்கோஸை ஆஸ்ட்ரோசைட் பாதி உடைத்து லாக்டேட்டாகக் கொடுக்க, நியூரான் மீதியை எரிக்கிறது என்பது 1994இல் ஆய்வாளர்கள் பெல்லரினும் மஜிஸ்ட்ரெட்டியும் முன்வைத்த கருதுகோள். இன்று அது பாடமாகவே ஆகிவிட்டது.

வெறும் பூச்சாக எண்ணப்பட்ட ஆஸ்ட்ரோசைட் போன்ற துணைச் செல்களை ஆய்வின் நடுவுக்குக் கொண்டுவந்ததில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. 2011இல் எலி மூளையில், ஆஸ்ட்ரோசைட்டின் குளுக்கோஸ் சேமிப்பான கிளைக்கோஜன் உடைவதைத் தடுத்தபோது நீண்டகால நினைவு நிலைக்கவில்லை. லாக்டேட் கொடுத்ததும் நிலைத்தது. லாக்டேட் நினைவுக்கு உதவுகிறது என்பதற்கு வலுவான சான்று இது.

ஆனால் நியூரானால் லாக்டேட்டை எரிக்க முடியும் என்பது வேறு. வேலை மும்முரத்தில் அதைத்தான் எரிக்கிறது என்பது வேறு. 1994 சோதனை, வளர்ப்புத் தட்டில் இருந்த சுண்டெலி ஆஸ்ட்ரோசைட்டுகளில் நடந்தது. நியூரான்கள் செய்தி கடத்தப் பயன்படுத்தும் குளுட்டமேட்டைச் சேர்த்ததும் அவை கூடுதல் குளுக்கோஸை எடுத்து லாக்டேட்டை வெளியேற்றின. அதை வாங்கிக்கொள்ள அந்தத் தட்டில் நியூரானே இல்லை!

கருதுகோளின் கணக்கு அழகானதுதான். ஒரு குளுட்டமேட்டை உள்ளிழுத்து குளுட்டமினாக்க ஆகும் செலவு, செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபியில் 2. ஒரு குளுக்கோஸைக் கிளைக்கோலிசிஸ் என்னும் அந்தப் பாதி உடைப்பில் உடைத்தால் கிடைப்பதும் 2 ஏடிபி. இந்தச் சமன்பாடு நிற்க, ஆஸ்ட்ரோசைட்டின் மைட்டோகாண்ட்ரியா இந்தச் செலவுக்கு எதுவும் தராமல் இருக்க வேண்டும். மெல்லிய கிளைகளில்கூட மைட்டோகாண்ட்ரியா வைத்திருக்கும் செல் அது.

நியூரானுக்கோ சொந்தமாக க்ளூட்3 இருக்கிறது. ஆஸ்ட்ரோசைட்டின் க்ளூட்1ஐவிட வேகமாகக் குளுக்கோஸைக் கடத்தும் புரதம். 2017இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் சுண்டெலி மூளைச் சீவல்களில் நியூரானைத் தூண்டிப் பார்த்தார்கள். நியூரானின் சொந்தக் கிளைக்கோலிசிஸ் உயர்ந்தது. லாக்டேட் நுழையும் வழியை மருந்தால் அடைத்த பிறகும் உயர்ந்தது.

நியூரானுக்குக் கிளைக்கோலிசிஸைக் கூட்டும் திறன் குறைவு என்று கருதுகோளின் ஆதரவாளர்கள் ஒரு 2009 ஆய்வைக் காட்டுகிறார்கள். அதன் அடித்தளமும் வளர்ப்பு நியூரான்களே. ஆஸ்ட்ரோசைட்டில் லாக்டேட் கூடுதலாகவும் நியூரானில் குறைவாகவும் இருப்பதாக உயிருள்ள சுண்டெலியில் 2016இல் கண்டதையும் காட்டுகிறார்கள். வாய்க்காலின் சரிவு நீர் எந்தப் பக்கம் ஓடும் என்று சொல்லும். எவ்வளவு ஓடுகிறது என்று சொல்லாது.

இது ஆய்வகத்தோடு முடிகிற வழக்கல்ல. அல்சைமர் நோயாளியின் பெட் ஸ்கேனில் மங்கித் தெரியும் பகுதியில் குளுக்கோஸ் எடுப்பது குறைந்திருக்கிறது; எந்தச் செல்லில் குறைந்தது என்பது அந்தப் படத்தில் தெரியாது. அம்புக்குறியை நம்பிப் படிப்பவர் ஆஸ்ட்ரோசைட் சோர்ந்துவிட்டது என்பார். அங்கே அழிந்துகொண்டிருப்பது நியூரானாக இருக்கலாம்.