இடைச்செருகலும் இரத்தமும்

இரண்டு வருஷங்களுக்கு முன் இதே பக்கங்களில், கதைப்பாடல்களுக்கு மூலம் என்று ஒன்று கிடையாது என்றும், பாடபேதம் என்ற சொல்லே அச்சு யந்திரத்தின் கர்வத்திலிருந்து பிறந்தது என்றும், பாடப்பட்ட ஒவ்வொன்றும் அதனதன் அளவில் பூரணமான பிரதிதான் என்றும் எழுதியிருந்தேன். நண்பர்கள் சிலர் பாராட்டிக் கடிதம் போட்டார்கள். எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. இப்போது அந்தக் கருத்தில் பாதியையாவது திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. அப்படிச் செய்யவைத்தது பண்டிதர் யாருமல்ல. லீவுக்குப் பாபநாசம் வந்திருந்த என் அக்கா மகன், பொறியியல் இரண்டாம் வருஷம் படிக்கிறவன்.

அவனும் சிநேகிதர்கள் இருவரும் எங்கள் வீட்டுத் திண்ணையில் மூன்று நாள் சண்டை போட்டார்கள். கிரிக்கெட் பற்றியோ சினிமா பற்றியோ அல்ல. ஒரு பெண் இருந்தாளா இல்லையா என்று.

'அவ கணக்குலயே கிடையாதுலே.'

'யாரு சொன்னா? நான் ஆடி முடிச்சிருக்கேன்லா.'

'நீ ஆடினா ஆச்சா? எடுத்தவனே இல்லன்னுட்டான்.'

வங்கியில் கிளார்க் உத்தியோகம் பார்க்கிறவனுக்குக் கணக்கிலேயே கிடையாது என்ற பிரயோகம் காதில் விழுந்தால் தலை தானாகத் திரும்பும். போய் உட்கார்ந்து கேட்டேன். பெண்ணின் பெயர் சோனியா பெல்மாண்ட்.

விஷயம் இது. ஜப்பானின் கொனாமி நிறுவனம் 1986-ல் ஒரு வீடியோ ஆட்டம் வெளியிட்டது. மேற்கே அதற்குக் 'காசில்வேனியா' என்று பெயர். டிராகுலா என்ற ரத்தக்காட்டேரி நூறாண்டுக்கு ஒருமுறை எழுந்துவரும். பெல்மாண்ட் என்ற வம்சத்தவர் தலைமுறை தலைமுறையாக ஒரு சாட்டையைக் கையில் வாங்கி அதை அடக்குவார்கள். கதை இவ்வளவுதான், நம் தலபுராணங்களைவிடச் சிக்கல் குறைவு. சிக்கல் பிற்பாடு வருகிறது. ஆட்டங்கள் கதையின் கால ஒழுங்கில் எடுக்கப்படவில்லை. 1989-ல் வந்த மூன்றாவது ஆட்டம் 1476-க்குப் போய் முன்னோன் ஒருவனைக் கொண்டுவந்தது. அவன் பெயர் டிரெவர். டிராகுலாவின் சொந்த மகன் அலுகார்ட் தகப்பனுக்கு எதிராக அவனோடு சேர்ந்து நிற்கிறான். 1994-ல் வந்த இன்னொன்று 1917-ல் நடக்கிறது. பிராம் ஸ்டோக்கரின் நாவலில் வரும் குவின்சி மாரிஸை இழுத்து வம்சாவளியில் முடிச்சுப்போட்டுக்கொண்டது. ஊர் ஊருக்கு இசக்கியைப் பழையனூர் நீலியோடு முடிச்சுப்போடும் நம் வில்லுப்பாட்டுக்காரர்கள் இதைக் கண்டு ஆச்சரியப்பட மாட்டார்கள்.

1997-ல் கையடக்கக் கருவிக்கென்று 'லெஜண்ட்ஸ்' என்ற ஒரு சின்ன ஆட்டம் வந்தது. அதில் டிராகுலாவை முதன்முதலில் வென்ற பெல்மாண்ட் ஒரு பெண். சோனியா. அலுகார்டுக்கும் அவளுக்கும் நடுவே ஒரு நேசம். ஆட்டத்தின் ஒரு முடிவில் அவள் கையில் ஒரு குழந்தை. தகப்பன் யாரென்று வாய்விட்டுச் சொல்லாமல், அலுகார்டாக இருக்கலாம் என்று ஊகிக்க இடம்விடுகிறது. அதாவது, காட்டேரியை அழிக்கப் பிறந்த குலத்தின் நாளங்களில் ஓடுவதும் காட்டேரியின் ரத்தமே.

பிறகு தொடரின் தயாரிப்பாளராக இருந்த கோஜி இகராஷி இந்த ஆட்டத்தை அதிகாரபூர்வமான காலவரிசையிலிருந்து விலக்கிவிட்டார். அவளை வைத்து எடுக்கத் தொடங்கிய வேறொரு ஆட்டமும் 2000-ல் பாதியில் கைவிடப்பட்டது. 2003-ல் வந்த ஆட்டம் குலத்தின் தொடக்கத்தை 1094-க்குக் கொண்டுபோய் லியோன் என்ற ஆண்மகனிடம் வைத்தது. குலம் சுத்தமாயிற்று. இகராஷியின் உள்நோக்கம் அதுவென்று நான் சொல்ல வரவில்லை. முன்பின் முரணான கதைகளை ஒழுங்குபடுத்துவது தயாரிப்பாளனின் அன்றாட வேலை, ஆண்டு முடிவில் நாங்கள் கணக்கை நேர்செய்வது போல. விளைவைத்தான் சொல்கிறேன்.

திண்ணைச் சண்டையில் நான் யார் பக்கம்? என் பழைய கட்டுரையின்படி, சோனியா உள்ள பிரதியும் உண்மை, இல்லாத பிரதியும் உண்மை, சண்டைக்கே இடமில்லை என்று தீர்ப்புச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னேன். மருமகன் என்னை ஒருமாதிரியாகப் பார்த்தான். 'அப்பம் எது வேணும்னாலும் எழுதிக்கிடலாமா மாமா?' என்றான். நான் பதில் சொல்லவில்லை. சொல்லாததற்குக் காரணம் அவனல்ல, முத்துப்பட்டன்.

பாபநாசத்துக்காரனுக்கு இந்தக் கதையைச் சொல்லத் தேவையில்லை. வெளியூர் வாசகர்களுக்காகச் சுருக்கம். ஏழு அண்ணன்தம்பிகளில் இளையவனான பிராமணன் வீட்டோடு பிணங்கிக் கொட்டாரக்கரை அரசனிடம் சேவகம் பண்ணுகிறான். அண்ணன்மார் வந்து அழைத்துப்போகும் வழியில், மலைக்காட்டில் பொம்மக்கா, திம்மக்கா என்ற இரு பெண்களைக் கண்டு மயங்குகிறான். மாடு காக்கும் வாலப்பகடையின் மக்கள். பாட்டு அவர்கள் குலத்தைச் சக்கிலியர் என்று சொல்லும், இன்று அருந்ததியர் என்கிறோம். பகடை நிபந்தனை போடுகிறான்: குடுமியை அறு, பூணூலை அறு, தோல் பதனிட்டுச் செருப்புத் தை, பிறகு பெண் கேள். அண்ணன்மார் அடைத்துவைத்த கல்லறையிலிருந்து தப்பி வந்து பட்டன் அத்தனையும் செய்கிறான். கல்யாணமாகிறது. மாடு கவர வந்த கள்வரோடு பொருது வென்று, ஒளிந்திருந்தவன் ஒருவன் வஞ்சகமாகக் குத்தச் சாகிறான். பெண்கள் தீப்பாய்கிறார்கள். காரையாற்றில் சொரிமுத்தய்யனார் கோயிலில் பட்டவராயனாக அவனும், பக்கத்திலேயே அவர்களும் இருக்கிறார்கள். பட்டவராயனுக்கு நேர்ச்சை செருப்பு. புதுச் செருப்பைத் தைத்துக் கட்டினால், அடுத்த வருஷத்துக்குள் அவர் காட்டில் போட்டு நடந்து தேய்ந்திருக்கும் என்பது நம்பிக்கை.

இந்தக் கதைக்கு இன்னொரு பாடமும் உண்டு. பொம்மக்காவும் திம்மக்காவும் பிறப்பால் பிராமணக் குழந்தைகளாம். காட்டில் கிடந்தவர்களைப் பகடை எடுத்து வளர்த்தானாம். பேராசிரியர் நா. வானமாமலை 1971-ல் மதுரைப் பல்கலைக்கழக வெளியீடாக முத்துப்பட்டன் கதையைப் பதிப்பித்தவர். அவர் இந்தப் பகுதியைப் பிற்காலச் சேர்க்கை என்று கொண்டார்.

சோனியாவைக் கணக்கிலிருந்து எடுத்ததும், இந்தப் பெண்களின் பிறப்பை மாற்றியதும் ஒரே காரியத்தைத்தான் செய்கின்றன. ஒன்று நீக்கல், மற்றது சேர்த்தல். இரண்டும் ஒரு ரத்தத்தை இன்னொரு ரத்தத்தோடு கலக்காமல் காப்பாற்றுகின்றன. எல்லாப் பிரதியும் சமம் என்று நான் எழுதியது, இந்தக் காப்பாற்றலையும் சமம் என்று எழுதியதாகும். யோசிக்காமல் எழுதினேன்.

எங்கள் கிளைக்கு மாதாமாதம் பென்ஷன் எடுக்க வரும் ஒருவர், இளவயதில் வில்லடித்தவர், அண்ணாவியாகவும் இருந்தவர். கூட்டமில்லாத ஒரு மத்தியானம் அவரிடம் கேட்டேன், எதைப் பாடுவீர்கள் என்று.

'ரெண்டும் பாடுவேன் சார். கொடை நடத்துதவங்க யாரு, எந்தத் தெரு, பாத்துக்கிடணும்லா.'

'உங்களுக்கு எது சரின்னு படுது?'

அவர் பாஸ்புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தார். 'பிள்ளைய கண்டெடுக்கது பாடிட்டு, பொறவு செருப்புத் தைக்கது பாடினா, பாட்டு ஏறாது சார். ஆமாம் போடுதவனுக்கே சுரத்து இருக்காது. அவ அய்யர் பிள்ளைன்னா இவன் எதுக்குக் குடுமிய அறுக்கான்?'

அவர் சொன்னதுதான் விமர்சனம். வானமாமலையின் வாதம் காலத்தைப் பற்றியது: இது பழையது, அது புதியது. பழையதெல்லாம் மேல் என்று சொல்ல முடியாது, அண்ணாவியும் அதைச் சொல்லவில்லை. கதையின் நடு எலும்பு பட்டன் பூணூலை அறுப்பது. எதை அடைய எதை இழக்கிறான் என்பதில்தான் அதன் கனம். அடைவது அவன் இழந்ததையேதான் என்றாகிவிட்டால், அறுத்தது ஒரு தவறான புரிதல், தோல் பதனிட்டது ஒரு வேடிக்கை. செருகியவன் பெண்களின் பிறப்பை மாற்றினான், செருப்பை எடுக்க முடியவில்லை. எடுத்தால் கதையே இல்லை, கோயிலும் இல்லை. ஆகவே அந்தப் பாடம் தனக்கெதிரான சாட்சியத்தைத் தானே சுமந்துகொண்டு நிற்கிறது. ஒரு பிரதி இன்னொன்றைவிடக் குறைந்தது என்று சொல்ல விமர்சகனுக்கு ஓலைச்சுவடியின் வயது தேவையில்லை. பிரதிக்குள்ளேயே அளவுகோல் கிடக்கிறது.

காட்டேரிக் கதைக்கும் இப்படியொரு நடு எலும்பு உண்டு. ஸ்டோக்கரின் 1897 நாவலில் டிராகுலா தொடக்கத்திலேயே தன் குல ரத்தத்தைப் பற்றிப் பெருமையடிக்கிறான். ஆனால் அவன் இனம் பெருகுவது பிறப்பால் அல்ல, கடியால். யாரையும் தன் இரத்தத்துக்குள் கொண்டுவந்துவிட முடிகிற ஒருவன் குலப்பெருமை பேசுகிறான். அந்த நாவலின் பயங்கரம் பற்களில் இல்லை, இங்கேதான் இருக்கிறது. இலண்டன் கனவான்கள் எதைக் கண்டு நடுங்கினார்கள் என்பதும் இதில் புரியும். பெல்மாண்ட் ரத்தம் தூயது, டிராகுலா ரத்தம் அழுக்கு என்று பிரித்துவிட்டால் மிஞ்சுவது சாட்டையடி மட்டுமே. சோனியாவின் ஆட்டம் நல்ல ஆட்டம் இல்லை என்று மருமகனே ஒப்புக்கொள்கிறான். ஆனாலும் கதையின் மையத்தைத் தொட்டது அதுதான்.

இதற்குக் கதையே சாட்சி சொல்லியிருக்கிறது. 2010-ல் தொடரை ஆதியிலிருந்து புதிதாகத் தொடங்கினார்கள். வேறு கை, ஸ்பெயின் நாட்டார். அதில் கேப்ரியல் பெல்மாண்ட் என்ற வீரனே கடைசியில் டிராகுலா ஆகிறான். 2013-ல் வந்த அடுத்ததில் அவன் மகன் டிரெவர், தன்னை மகன் என்றறியாத அவனோடு மோதிச் செத்து, அலுகார்டாக எழுகிறான். கணக்கிலிருந்து தள்ளிய கலப்பு முன்வாசல் வழியாக முழுசாக வந்து உட்கார்ந்துகொண்டது. மருமகனின் சிநேகிதனுக்கு இந்த ஆட்டங்கள் அறவே ஆகாது, 'அது வேற கணக்கு மாமா' என்று ஒதுக்கிவிட்டான்.

இதுவரை எழுதியதை ஒரு நண்பருக்குக் காட்டினேன். அவர் கேட்ட கேள்வி சுலபமானதல்ல. 'செருகியவனும் ஒரு பாடகன்தானே? அவனை நீக்கிய வானமாமலை மார்க்ஸியர். தம் கொள்கைக்கு ஏற்ற பட்டனை அவர் தெரிவு செய்தார். இகராஷி செய்ததும் அதுதானே?'

இல்லை. நீக்கியதை வானமாமலை வாசகன் முன் வைத்து வாதாடினார், மறுக்க இடம் இருக்கிறது. கொனாமியின் கதை கொனாமியின் சொத்து. திண்ணையில் மூன்று நாள் சண்டை போட்டாலும் சோனியாவைக் கணக்கில் சேர்க்கும் அதிகாரம் இந்தப் பையன்களுக்குக் கிடையாது. வில்லுப்பாட்டில் கேட்கிறவனுக்கு அதிகாரம் உண்டு, எழுந்து போகலாம், இதைப் பாடு என்று கேட்கலாம். இந்த இடத்தில் நாட்டார் கலையின் ஜனநாயகம் என்று ஒரு பாராட்டுரை எழுதக் கை துறுதுறுக்கிறது. அண்ணாவி சொன்னதை நினைத்து நிறுத்திக்கொள்கிறேன். கொடை நடத்துகிறவர் யார் என்று பார்த்துத்தானே அவர் பாடுகிறார்? பொம்மக்காவைப் பிராமணத்தி ஆக்கியது ஏதோ ஒரு ஸ்தாபனமல்ல, காசு கொடுத்துக் கேட்ட ரசிகன். கேட்பவனின் அதிகாரம் என்று நாம் கொண்டாடுவதற்குள் இவனும் இருக்கிறான். நண்பரின் கேள்வியில் இந்தப் பாதிக்கு என்னிடம் பதிலில்லை.

ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1988-ல் வெளியிட்ட வில்லுப்பாட்டு ஆய்வு, பிறப்புக் கதைகளையும் சாவுக் கதைகளையும் பிரித்துப் பார்க்கிறது. பிறப்புக் கதை கைலாயத்தில் தொடங்கித் தெய்வமாகவே வந்த தெய்வத்தைப் பாடும். சாவுக் கதை வெட்டுப்பட்டுச் செத்த மனிதனைப் பாடும். அவன் பசியோடு திரும்பி வருவான், பலி கேட்பான். நம்மூர்க் காட்டேரிக்கு மிக நெருங்கிய உறவு இவனே. பட்டன் சாவுக் கதைக்காரன். அவன் பெண்டாட்டிமாருக்குப் பிறப்புக் கதை ஒன்றை ஒட்டவைத்ததுதான் செருகியவன் செய்த அடிப்படைத் தப்பு என்று எனக்குத் தோன்றுகிறது. செத்த விதத்தால் தெய்வமானவர்களுக்குப் பிறப்புச் சான்றிதழ் எதற்கு?

ஆடி அமாவாசைக்கு மருமகனைக் காரையாற்றுக்குக் கூட்டிப்போனேன். வனத்துறைச் சோதனைச் சாவடியில் வெகுநேரம் நின்று, ஆற்றில் குளித்து, பட்டவராயன் சன்னிதியில் தொங்கும் செருப்புகளைப் பார்த்தான். சிலவற்றின் குதிகால் நிஜமாகவே தேய்ந்திருந்தது. எப்படித் தேய்ந்தது என்று கேட்டான். நம்பிக்கையைச் சொன்னேன். மேற்கொண்டு கேட்கவில்லை. திரும்பும்போது பஸ்ஸில் பழைய லெஜண்ட்ஸ் ஆட்டத்தை எப்படியோ போனில் ஏற்றி ஆடிக்கொண்டு வந்தான். அலுகார்ட் அவளைப் பரீட்சை பார்க்கும் சண்டை. விக்கிரமசிங்கபுரம் வரும் வரை நாலு தடவை தோற்றான்.