கதவுக்கு வயசாகிறது

இளையராஜா படத்தில் எல்லாரும் பெண்ணின் கண்ணைப் பார்ப்பார்கள். நான் கதவைப் பார்ப்பேன். (ஓவியர் இளையராஜா. எங்கள் ராஜபாளையத்தில் பெயரை மட்டும் சொன்னால் பேச்சு பாட்டுக்குப் போய்விடும்.) எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, மாநிறம், ஒரு பக்கக் கன்னத்தில் மட்டும் வெளிச்சம். பின்னால் பாட்டன் காலத்து மரக்கதவு. அந்தக் கன்னத்தில் ஒரு கோடு கிடையாது. கோடெல்லாம் மரத்தில்: ரேகை, வெடிப்பு, வெளுப்பு. முகத்துக்கு என்றைக்கோ வரப்போகிற சுருக்கத்தை முன்கூட்டியே கதவில் போட்டுவைத்துவிட்டார் மனுஷன்.

'அப்படியே போட்டோ' என்று மெச்சுகிறவர்களும் சரி, அதையே குறையாகச் சொல்கிறவர்களும் சரி, இந்தக் கதவுக்கு அவர் செலவழித்த பொறுமையைப் பார்த்ததில்லை.

சிவகாசி அச்சகத்தில் காலம் தள்ளிய நண்பர் ஒருவர், காலண்டர் சாமிப் படம் வரைந்த கொண்டையராஜுவின் பக்தர். "சாமி முகத்துல வயசு தெரியலாமாய்யா?" என்பார். கோவில்பட்டியில் பிறந்த அந்த லட்சுமிகளுக்கு நானும் கும்பிடு போடுகிறவன்தான். ஆனால் காலமே தீண்டாத இளமையில் எனக்கு மனசு ஒட்டுவதில்லை. அதற்கு ஸ்ரீவில்லிபுத்தூர்க் கிளியே தேவலை.

ஒருமுறை ஆண்டாள் கையிலிருந்த கிளி, தெரிந்தவர் மூலம் எங்கள் வீட்டுக்கு வந்தது. மாதுளம்பூ மூக்கு, மரவள்ளி இலை உடம்பு, வாழைநார்க் கட்டு. நாலரை மணி நேர வேலை என்பார்கள். ஆயுசு ஒரு ராத்திரி. மத்தியானத்துக்குள் இலையோரம் சுருண்டது. மறுநாள் மூக்கு கறுத்தது. மூன்றாம் நாள் உடம்பே டீத்தூள் நிறம். காக்காப்பொன் கண் மட்டும் முதல்நாள் மாதிரியே மினுங்கியது. எங்கள் அம்மாச்சிக்குக் கடைசிவரை அப்படி ஒரு கண். அங்கே கோவிலில் அதற்குள் இரண்டு புதுக் கிளி வந்து போயிருக்கும்.

செம்பியவரம்பலில் பிறந்து, கும்பகோணம் கவின்கலைக் கல்லூரியில் படித்தவர் இளையராஜா. 2021 ஜூனில் கொரோனா கொண்டுபோனது. நாற்பதை அப்போதுதான் தாண்டியிருந்தார். வயதான கையால் அவர் ஒரு கதவு வரைந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று அடிக்கடி நினைக்கிறேன்.

இப்போது அவர் பெண்கள் வாட்ஸ்அப்பில் வருகிறார்கள், 'காலை வணக்கம்' எழுத்தோடு. யாரோ பளபளப்பு ஏற்றி, மர வெடிப்பையெல்லாம் மெழுகி அனுப்புகிறார்கள்.

எங்கள் வீட்டுக் கதவும் போன வருஷம் போய்விட்டது. பழைய சாமான் வியாபாரி நிலையோடு பெயர்த்துக்கொண்டு போனார். தாழ்ப்பாளுக்குப் பக்கத்தில், நாலு தலைமுறை உள்ளங்கை பட்ட இடம் கறுத்து வழுவழுத்திருக்கும். வண்டியில் ஏற்றும்போதும் அவர் கை சரியாக அங்கேதான் பிடித்தது. புதுக் கதவில் ரேகை அச்சடித்திருக்கிறார்கள். தடவினால் விரலில் ஒன்றும் தட்டுப்படவில்லை. பேத்தி அதில் சாய்ந்து நின்று, "தாத்தா, அந்தப் படத்துல மாதிரி எடுங்க" என்றாள். எடுத்தேன். வெளிச்சம் நன்றாகத்தான் விழுந்தது.