பிடரி இல்லாத சிங்கம்
பிரான்ஸின் ஷோவே குகை 1994இல் கண்டுபிடிக்கப்பட்டது. முப்பதாயிரம் ஆண்டுகளுக்கும் முந்தைய அதன் சுவரோவியங்களைத்தான் வெர்னர் ஹெர்சாக் ‘கேவ் ஆஃப் ஃபர்காட்டன் ட்ரீம்ஸ்’ (2010) ஆவணப்படத்தில் முப்பரிமாணத்தில் காட்டுகிறார். மாமூத், கம்பளிக் காண்டாமிருகம், குகைச் சிங்கம் என்று பனியுகமே அந்தச் சுவரில் நிற்கிறது. பார்க்கப் பார்க்கச் சலிக்காத படம். ஆனால் தலைப்போடுதான் எனக்குச் சண்டை.

இது கனவா என்ன? அந்தச் சிங்கங்களைப் பாருங்கள். விதைப்பை வரைந்திருக்கிறது, ஆகவே ஆண். பிடரி கிடையாது. பிடரி எலும்பில் பதியாது; புதைபடிவத்தை வைத்து மட்டும் இதைச் சொல்லிவிட முடியாது. ஒருத்தர் உயிருக்குத் துணிந்து, கிட்டப் போய்ப் பார்த்து வைத்த தகவல் அது. எட்டுக் கால் பைசனும் அப்படித்தான். ஹெர்சாக் அதில் சினிமாவின் தொடக்கத்தைப் பார்க்கிறார், சரி. ஆனால் ஓட்டத்தை உற்றுப் பார்க்காத கண்ணுக்கு அந்த எட்டுக் கால் தோன்றியிருக்காது.

ஹெர்சாக் மனித ஆன்மாவைத் தேடிக்கொண்டே இருக்கிறார். கடைசியில் வெள்ளை முதலைகளிடம் போய் முடிக்கிறார். வரைந்தவருக்கோ தன்னைப் பற்றி அவ்வளவு அக்கறை இல்லை. முழு மனித உருவம் ஒன்றுகூட அங்கே கிடையாது. எல்லாம் மிருகம். அந்தச் சிங்கம் இன்று உலகில் எங்கும் இல்லை. அதை உயிரோடு பார்த்தவரின் சாட்சியத்தைக் கனவு என்று சொல்வது, பாராட்டு மாதிரி இருந்தாலும், குறைத்துச் சொல்வதுதான்.